காவற்காரனுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி

‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. அதன் உட்பொருள் பற்றி அறிஞர்கள் பலவாறு உரைப்பர். அந்த ஆராய்ச்சியில் நாம் இன்று புகப்போவதில்லை. அப்பழமொழியைச் சற்றே மாற்றி, ‘நாய்க்கு நோய் வந்தபோது மருந்தைக் காணோம், மருந்து வந்து சேர்ந்தபோது நாயைக் காணோம்’ என்று சொல்லிப் பாருங்கள். நம் கிராமங்களில் ஆண்டுதோறும் நிகழும் துயரக் கதை ஒன்று அந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும். அக்கதையின் முடிவைப் பல வேளைகளில் மாற்றவல்லது ஒரு சிறு பெட்டி. அப்பெட்டியைப் பற்றியே இவ்வாரம் நேயர்களோடு உரையாட எண்ணுகிறோம்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே உள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும் அழைப்பது எம்மவர் வழக்கம். நகரிலிருந்து புறப்பட்டு, வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை ஆகிய ஊர்களின் வழியாகப் படுவான்கரைக்குள் நெடுந்தூரம் சென்றால் உன்னிச்சைக் குளத்தை அடையலாம். மாவட்டத்தின் பெருங்குளங்களுள் அதுவும் ஒன்று. அதன் நீரால் வயல்கள் விளைகின்றன. மட்டக்களப்பு நகரத்தார் வீட்டுக் குழாயில் வரும் குடிநீருக்கும் அக்குளமே ஆதாரம். ஆகவே, நகரத்திலிருந்து இதனை வாசிக்கும் நேயர்களுக்கும் உன்னிச்சை அந்நியமான ஊரன்று.

அப்பகுதியில் நாய் என்பது மடியில் வைத்துக் கொஞ்சும் பிராணி அன்று. அது ஒரு தொழிலாளி. பகலில் மாட்டுப் பட்டியோடு போகிறது. இரவில் வயல் வாடியின் வாசலிற் படுத்திருக்கிறது. வெள்ளாமை முற்றிய காலத்தில் காட்டுப் பன்றி வரும், யானை வரும். பரண்மேற் காவலிருப்பவன் சற்றே கண்ணயர்ந்தாலும், காவல் நாய் கண்ணயர்வதில்லை. இருளில் யானையின் மணத்தை முதலில் அறிந்து குரல் கொடுப்பது அதுவே. அந்தக் குரலைக் கேட்டு விழித்து உயிர் தப்பியவர்கள் அந்த நாட்டுப்புறத்திற் பலர் உண்டு.

இத்தகைய காவற்காரனுக்கு நாம் கொடுக்கும் கூலி என்ன? மிஞ்சிய சோறு. அதற்குக் காயம் பட்டால் நாம் செய்யும் வைத்தியம் என்ன? ‘நாய்தானே, நக்கி ஆற்றிக்கொள்ளும்’ என்ற ஒரு வார்த்தை. பால் கறக்கும் பசு தீனி தின்னாமல் ஒரு பொழுது நின்றால் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். அது நியாயமே, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், பசுவுக்கு வைத்தியர், நாய்க்கு விதி என்று பங்கு பிரித்தவர் யார்? பசுவின் பயன் படியளவிலே தெரிகிறது. நாயின் பயனோ, நேராமற்போன தீமைகளில் மறைந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பயனைக் கணக்கிற் சேர்ப்பதே கல்வியின் பயன் என்று நாம் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

முதலுதவி என்பது வைத்தியம் அன்று. இதனை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நோயாளி வைத்தியரின் கையைச் சேரும்வரை உயிர் பிரியாமலும், காயம் பெருகாமலும், வேதனை மிகாமலும் காத்துநிற்பதே முதலுதவி. உன்னிச்சையிலிருந்து நகருக்கு 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். இரவிலே வாகனம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் யானை நடமாடும் வழி. கால்நடை வைத்திய நிலையம் அலுவலக நேரத்திலே திறந்திருக்கும்; பாம்போ அலுவலக நேரம் பார்த்துக் கடிப்பதில்லை. ஆகவே, எந்த ஊரில் வைத்தியர் தொலைவில் இருக்கிறாரோ, அந்த ஊரிலேதான் முதலுதவிப் பெட்டி மிகவும் வேண்டப்படுகிறது.

இவ்வெண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் 1877ஆம் ஆண்டில் சென் ஜோன் அம்புலன்ஸ் சங்கம் தோன்றிப் பொதுமக்களுக்கு முதலுதவியைக் கற்பிக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1888ஆம் ஆண்டில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தார் முதலுதவிப் பெட்டிகளைச் செய்து விற்கலாயினர். அவற்றை அவர்கள் முதலில் யாருக்காகச் செய்தார்கள் தெரியுமா? வைத்தியசாலைக்கு வெகு தொலைவிலே, இருப்புப்பாதை வேலையில் ஈடுபட்டுக் காயமடைந்த தொழிலாளருக்காக! அப்பெட்டி தூரத்தின் பிள்ளையாகவே பிறந்தது. இன்னுமொரு செய்தி: 1914ஆம் ஆண்டு தொடங்கிய முதலாம் உலகப் போரில், ஐரோப்பியப் படைகள் பழக்கிய செஞ்சிலுவை நாய்கள் மருந்தும் கட்டுத்துணியும் அடங்கிய பைகளை முதுகிற் சுமந்து, போர்க்களத்திற் கிடந்த காயக்காரரைத் தேடிச் சென்றன. மனிதனுக்காக முதலுதவிப் பையைச் சுமந்த இனத்துக்கு மனிதன் ஒரு பெட்டி வைத்திருப்பது மிகையாகுமா?

இனிப் பெட்டிக்கு வருவோம். அதற்கென்று பெரும்பணம் வேண்டியதில்லை. இறுக்கமான மூடியுள்ள பழைய பிஸ்கற் பேணியோ பிளாஸ்ரிக் பெட்டியோ போதும். ஈரமும் எறும்பும் புகாதிருக்க வேண்டும், அவ்வளவே. மருந்துக் கடையில் வாங்க வேண்டியவை இவை: கிருமி நீக்கிய கோஸ் துணி, சுருள் கட்டுத்துணி இரண்டு, பஞ்சு, ஒட்டும் பிளாஸ்ரர்ச் சுருள், கையுறைகள், போவிடோன் அயடீன் என்னும் கிருமிநாசினி ஒரு சிறு போத்தல், காயமும் கண்ணும் கழுவுவதற்கான உப்புநீர்க் கரைசல், ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று, உடல்வெப்பமானி ஒன்று. வீட்டிலிருந்து சேர்க்க வேண்டியவை: முனை மழுங்கிய கத்தரிக்கோல், மெல்லிய சாவணம், ஒரு கட்டிச் சவர்க்காரம், கைவிளக்கு, ஒன்றரை மீற்றர் நீளமுள்ள மெல்லிய துணிப்பட்டி, நாயைக் கட்டும் கயிறு, ஒரு பழைய படுக்கை விரிப்பு. நாய்க்கென்று எடுத்துவைத்த வெப்பமானியை மனிதருக்குப் பயன்படுத்தலாகாது. அதன்மேல் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்தால் மயக்கம் நேராது.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. பஞ்சைக் காயத்தின் மேல் நேராக வைத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் காயத்தைத் தொடுவது கோஸ் துணியாகவும், அதன்மேல் மெத்தையாக அமைவது பஞ்சாகவும் இருக்கட்டும். போவிடோன் அயடீனை அப்படியே ஊற்றலாகாது. வெளிறிய வெறுந்தேநீரின் நிறம் வரும்வரை கொதித்தாறிய நீரிற் கலந்து பயன்படுத்த வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சு காயத்திலுள்ள மண்ணை நீர் பாய்ச்சிக் கழுவுவதற்கு உதவும். படுக்கை விரிப்போ, எழ முடியாத நாயை இருவர் தூக்கிச் செல்வதற்கு நல்லதொரு தூளியாகும்.

துணிப்பட்டி எதற்கென்று சிலர் வினவலாம். அதுவே பெட்டியிலுள்ள பொருள்களுள் மிக முக்கியமானது என்பது எம் கருத்து. வேதனைப்படும் நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். அது நன்றிகேடன்று, வலியின் இயல்பு. துணிப்பட்டியின் நடுவில் ஒரு தளர்ந்த சுருக்கிட்டு, நாயின் மூக்குத்தண்டின்மேல் மாட்டி, முடிச்சு மேலே வரும்படி மெல்ல இறுக்குங்கள். பின்பு இரு முனைகளையும் தாடைக்குக் கீழே கொணர்ந்து இன்னொரு முறை கட்டி, காதுகளுக்குப் பின்னே பிடரியில் இழுத்தவுடன் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். ஆயினும், வாந்தியெடுக்கும் நாய்க்கும், மூச்சுத்திணறும் நாய்க்கும், வெப்பத்தால் இளைக்கும் நாய்க்கும், மூக்குக் குட்டையான இனத்துக்கும் வாய் கட்டுவது ஆபத்து. நாய் வாயினாலேயே உடற்சூட்டை ஆற்றிக்கொள்கிறது என்பதை மறக்கலாகாது.

பெட்டியில் இருக்க வேண்டியவற்றைச் சொன்னோம். இருக்கக் கூடாதவற்றைச் சொல்வது அதனினும் அவசியம். நமக்குத் தலைவலி வந்தால் விழுங்கும் பனடோல், அதாவது பரசிற்றமோல், நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கவல்லது. பூனைக்கோ ஒரு மாத்திரையே உயிர்க்கொல்லி. இபுபுரூபன், டைக்குளோபினக் முதலிய நோவு மாத்திரைகள் நாயின் வயிற்றிற் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ‘மனிதனுக்கு ஒன்று, நாய்க்கு அரை’ என்னும் கணக்கு இவ்விடத்திற் செல்லாது. மருந்தை உடைத்து ஆளும் ஆற்றல் விலங்குக்கு விலங்கு வேறுபடும். உடலின் நிறையை மட்டும் பார்த்து அளவு சொல்லிவிட முடியாது.

அவ்வாறே, புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், சொறிக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவதும், இரத்தம் நிற்பதற்குக் கோப்பித்தூளோ சுண்ணாம்போ அப்புவதும் நம்மிடையே பரவியுள்ள வழக்கங்கள். இவற்றைச் செய்வோர் கொடியவரல்லர், அன்பினாலேயே செய்கின்றனர். ஆனால் அறிவு துணைநில்லாத அன்பு நோயாளிக்கு இரண்டாவது நோயாகிறது. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். எஞ்சின் எண்ணெயை நாய் நக்கி விழுங்கி நஞ்சேறப் பெறும். தூளும் சுண்ணாம்பும் காயத்துள் அழுக்கைச் சேர்க்கும்; பின்பு வைத்தியர் காயத்தைக் காண்பதற்கே அரைமணி நேரம் கழுவ வேண்டியிருக்கும்.

அடுத்து, நேரக்கூடிய விபத்துகள் சிலவற்றை ஆராய்வோம். வயற்கரையில் முதலிடம் பெறுவது வெட்டுக்காயம். உடைந்த போத்தல், முட்கம்பி, மண்வெட்டி, பன்றியின் கொம்பு ஆகியவை அதற்குக் காரணம். இரத்தம் பெருகினால் கோஸ் துணியையோ தூய சீலைத்துண்டையோ காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் உறுதியாக அழுத்துங்கள். 5 நிமிடமாவது கையை எடுக்கக்கூடாது. இரத்தம் நின்றதா என்று இடையிடையே தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்து மீண்டும் ஒழுகத் தொடங்கும். துணி நனைந்தால் அதனை எடுக்காமல் மேலும் ஒரு துணியை வைத்து அழுத்துங்கள். பின்பு கட்டுத்துணியைச் சுற்றுங்கள். கட்டுக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும்.

காயம் சிறியதென்று விட்டுவிட்டால் இரண்டொரு நாளில் இலையான் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். நாயின் காதோரத்திலும் வாலடியிலும், அதன் நாக்கு எட்டாத இடங்களில் இது அடிக்கடி நேர்கிறது. ஆகவே, காயத்தை நாள்தோறும் உப்புநீராற் கழுவி மூடிவைப்பதே சிறந்த தடுப்பு. அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைந்த உப்பைக் கரைத்தால் கழுவுநீர் ஆயிற்று. புழு வைத்துவிட்டால், கையுறை அணிந்து, கண்ணுக்குத் தெரிபவற்றைச் சாவணத்தால் எடுத்துவிட்டு, தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். உள்ளே புகுந்தவற்றை வெளியேற்றும் மருந்து அவரிடம் உண்டு. வயலுக்கடிக்கும் பூச்சிநாசினியைப் புண்ணில் ஊற்றிப் புழுவோடு நாயையும் கொன்றுவிடாதீர்கள்.

பாம்புக்கடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாகமும் புடையனும் விரியனும் உலாவும் நிலம் அது. நாய் பாம்பைக் கண்டால் விலகிப்போவதில்லை. முகர்ந்து பார்க்கப்போய் மூக்கிலும் முன்னங்காலிலும் கடிபடுகிறது. திடீரென முகம் வீங்குதல், தள்ளாடுதல், கண்ணிமை சோர்தல், எச்சில் வடிதல், காயத்திலிருந்து இரத்தம் நில்லாது ஒழுகுதல் என்பன அதன் அறிகுறிகள். கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டா. நாயை நடக்கவிடாமல் விரிப்பிற் கிடத்தித் தூக்கிச் செல்லுங்கள். ஓட ஓட நஞ்சு விரைந்து பரவும். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது நோயாளி ஆகாதீர்கள். நஞ்சுமுறி மருந்து எல்லா நிலையங்களிலும் இருப்பதில்லை. ஆதலால் முன்னதாகவே தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுவது நேரத்தை மீதப்படுத்தும்.

நஞ்சு பாம்பின் வாயில் மட்டுமா இருக்கிறது? பூச்சிநாசினி அடித்த வயலிற் புரண்டு வந்த நாய் தன் மயிரை நக்கினாலே போதும். எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும், வலிப்பும் வரலாம். கையுறை அணிந்து, சவர்க்காரமும் ஏராளமான நீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள். எந்த மருந்து என்பதைக் காட்டும் போத்தலையோ அதன் பெயர்ச்சீட்டையோ தவறாமல் வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள். உப்புநீரைப் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது பலரும் கையாளும் முறை. அது சுவாசப்பைக்குள் நீர் புகுந்து உயிரைப் பறிக்கவும் கூடும். வைத்தியர் சொன்னாலன்றி வாந்திக்கு முயலாதீர்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் கையையோ இரும்பையோ வைக்காமல், அருகிலுள்ள கல்லையும் கட்டையையும் அகற்றி, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உயிருக்கு ஆபத்து.

சிறுபோகக் காலத்து வெயிலைப் படுவான்கரையார் நன்கு அறிவர். நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வேர்வை வருவதில்லை. நிழலும் நீருமின்றி வெட்டவெளியிற் கட்டிப்போட்ட நாய் ஒரு பகலிலே மாண்டுவிடக்கூடும். இடைவிடாத இளைப்பு, கடுஞ்சிவப்பான முரசு, தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால், முதலில் நீர் ஊற்றிக் குளிர்வியுங்கள். பின்பு வாகனம் தேடுங்கள். உடல் முழுவதையும் நனைத்து விசிறுங்கள். வெப்பமானி 103 பாகைப் பரனைட் அளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிடலாம். மயங்கிய நாயின் வாயில் நீர் புகட்டலாகாது.

மழைக்காலம் வந்தால் உண்ணியும் தெள்ளும் பெருகும். உண்ணியின் கடியினால் நாயின் இரத்தத்தில் நோய்க்கிருமிகள் புகுந்து, காய்ச்சலும் சோகையும் உண்டாகும். சாவணத்தால் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுங்கள். விரல் நகத்தால் நசுக்காமல் சவர்க்கார நீரிற் போட்டுவிடுங்கள். இதனைச் செய்வதற்கு வீட்டிலுள்ள சிறுவருக்கு நாள்தோறும் 10 நிமிடம் ஒதுக்கிக் கொடுத்தால், அவர்களுக்குப் பொழுதும் போகும், பொறுப்பும் வரும். வேலை முடிந்ததும் கைகழுவுவதை மட்டும் பெரியோர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நம் கல்லூரிகளில் முதலுதவிப் படையிற் சேர்ந்திருக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். நோயை அறிவதற்குமுன் சுகத்தை அறிய வேண்டும். உங்கள் வீட்டு நாய் நலமாகப் படுத்திருக்கும்போது அதன் பின்தொடையின் உட்புறத்தில் விரல்களை வைத்துப் பாருங்கள், நாடி தட்டுப்படும். 15 வினாடி எண்ணி 4ஆற் பெருக்குங்கள். பெரிய நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். சிறிய நாய்க்கு 140 வரையும் செல்லலாம். மூச்சு நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை. உடல் வெப்பம் 101 முதல் 102.5 பாகை வரை. நமக்குக் காய்ச்சலாக இருக்கும் அளவு நாய்க்குச் சுகம்! மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்துங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மீண்டும் சிவந்துவிட்டால் இரத்த ஓட்டம் செவ்வையாக இருக்கிறது. இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். ஆபத்து வேளையில், ‘நாய் ஒருமாதிரியாக இருக்கிறது’ என்று வைத்தியருக்குத் தொலைபேசியிற் சொல்வதற்கும், ‘நாடி 160, முரசு வெளுத்திருக்கிறது’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அதே மூடியில் மூன்று தொலைபேசி இலக்கங்கள் இருக்க வேண்டும்: அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்தியருடையது, நகரத்திலுள்ள வைத்தியர் ஒருவருடையது, இரவிலும் வரச் சம்மதிக்கும் ஓட்டோக்காரருடையது. மூன்றாவது இலக்கத்துக்கு உரியவரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நலம். நள்ளிரவில் நாயை ஏற்ற மாட்டேன் என்று அவர் சொல்லக்கூடும். அதனைப் பகலிலேயே அறிந்துகொள்வது நல்லதன்றோ?

இறுதியாக, பெட்டியின் அடியில் வைக்க வேண்டிய ஒரு துண்டு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தடுப்பூசி அட்டை. பெட்டியிலுள்ள மற்றவையெல்லாம் நாயைக் காப்பவை. இந்த அட்டையோ வீட்டிலுள்ள குழந்தையைக் காப்பது. விசர்நாய்க்கடியால் வரும் நீர்வெறுப்பு நோய் அறிகுறி காட்டிய பின்னர் அதனின்றும் பிழைத்தோர் உலகில் மிக மிகச் சிலரே. 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், பிரான்சு தேசத்தில் லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞர், நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் யோசேப் மைஸ்டருக்குத் தடுப்பு மருந்து ஏற்றத் தொடங்கினார், சிறுவன் பிழைத்தான். இலங்கையிலும் 1893ஆம் ஆண்டிலேயே இந்நோயைத் தடுப்பதற்கெனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அப்படியிருந்தும், 1970களின் முற்பகுதியில் நம் நாட்டில் ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு இரையாகினர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் வேலை பரவியதனாலும், கடிபட்டோருக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை கிடைத்ததனாலும் அத்தொகை இன்று சில பத்துகளாகக் குறைந்துள்ளது. மருந்து இருந்தும் இறக்கும் அந்தச் சில பத்துப் பேரும் இறக்க வேண்டியவர்களல்லர்.

ஆகவே, உங்கள் நாய்க்குட்டிக்கு உரிய வயதிலும், பின்னர் ஆண்டுதோறும் ஊசி ஏற்றுங்கள். கிராமத்துக்குத் தடுப்பூசிக் குழுவினர் வரும் நாளிலே நாயை வயலுக்கு அனுப்பிவிடாதீர்கள். தடுப்பூசி பெறாத நாய் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல வாய் திறந்து எச்சில் வடித்தால், எலும்பு சிக்கியதென எண்ணி வாய்க்குள் கைவிடாதீர்கள். அது விசரின் அறிகுறியாகவும் இருக்கலாம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நமது பெட்டியிலுள்ள அந்த ஒரு கட்டிச் சவர்க்காரம் ஒரு மனித உயிரின் விலையாகிவிடுவதும் உண்டு.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்திலும், பெரியோர் அனைவருக்கும் தெரிந்த இடத்திலும் வையுங்கள். அடுப்பருகிலும் வெயில்படும் யன்னலிலும் வைத்தால் மருந்து கெடும். பெரும்போகத்துக்கு ஏர் பூட்டுமுன் ஒரு முறையும், சிறுபோகத்துக்குமுன் ஒரு முறையும் திறந்து பார்த்து, காலாவதியான மருந்தை நீக்கிப் புதியதை வையுங்கள். விதைநெல்லைச் சோதிக்கும் நாளே இதற்கும் நாள் என்று வைத்துக்கொண்டால் மறதி வராது.

பெரிய தருமங்களைச் செய்ய எல்லாருக்கும் வசதி வாய்ப்பதில்லை. ஒரு பழைய பேணி, ஒரு முழத் துணி, ஒரு கட்டிச் சவர்க்காரம், ஒரு தடுப்பூசி அட்டை ஆகிய இவை எவருக்கும் எட்டாதவையல்ல. இன்று ஞாயிற்றுக்கிழமை. அடுக்களையில் வெறுமையாகக் கிடக்கும் பேணி ஒன்றைக் கழுவி வெயிலிற் காயவைப்பதற்கு இதனினும் நல்ல நாள் வேறில்லை.